எடை ஒரு நாள் ஏறுகிறது, மறுநாள் இறங்குகிறது: எங்கே தேடுவது, எப்போது மருத்துவரைப் பார்ப்பது

நேற்றுக் காலை 68.4. இன்று காலை 69.6. சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை, நடையும் நிற்கவில்லை. உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களின் எடைக் குறிப்புகளைப் பார்ப்பது என் வேலை. அதிகம் வரும் புகார் இதுதான். பெரும்பாலும் கேள்வியோடு ஒரு முடிவும் சேர்ந்து வரும்: "இந்த உணவு முறை எனக்கு ஒத்துவரலை, விட்டுடறேன்." அந்த முடிவுக்குப் போவதற்கு முன் கீழே உள்ளதைப் பாருங்கள்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேரத் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி வேண்டும். அதாவது வழக்கமான சாப்பாட்டையும் சாப்பிட்டு, அதற்கு மேல் மூன்று நாளுக்கு உண்டானதையும் ஒரே நாளில் சாப்பிட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை என்றால், ஒரே இரவில் ஏறிய அந்தக் கிலோ கொழுப்பு இல்லை. அது நீராக இருக்கலாம், குடலில் இருக்கும் உணவாக இருக்கலாம், அல்லது மெஷினின் கோளாறாக இருக்கலாம். பெரியவர்களுக்கு நாளுக்கு நாள் ஒன்று, சில சமயம் இரண்டு கிலோ வரை ஏறி இறங்குவது சாதாரணம்.

இது பெரியவர்களுக்கான வழிமுறை. குழந்தைகளின் எடையை இதைக்கொண்டு பார்க்கக் கூடாது. இதயம், சிறுநீரகம், ஈரல் கோளாறு உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் மருத்துவர் சொன்ன எடை வரம்பைத்தான் பின்பற்ற வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, எதையும் குடிப்பதற்கு முன், அதே அளவு உடையோடு, அதே மெஷினில், அதே இடத்தில் எடை பாருங்கள். இதில் ஒன்று மாறினாலும் இரண்டு எண்களை ஒப்பிட முடியாது. கையில் போனும் சாவியும் இருந்தால் அதுவே கால் கிலோ வரும். மூன்று நாள் இப்படிப் பாருங்கள். என்னிடம் வரும் புகார்களில் கணிசமானவை இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

அறிகுறி 1: இறங்கி ஏறினால் வேறு எண் காட்டுகிறது

ஐந்து நிமிடத்துக்குள் மூன்று முறை ஏறிப் பாருங்கள். 100, 200 கிராம் வித்தியாசம் என்றால் பரவாயில்லை, வீட்டு மெஷின்கள் அப்படித்தான். அரைக் கிலோவைத் தாண்டினால் கோளாறு உடம்பில் இல்லை. இந்த வரிசையில் பாருங்கள்.

தரை. மெஷின் கடினமான, சமமான தரையில் இருக்க வேண்டும். கம்பளம், பாய், ரப்பர் விரிப்பு எதன் மேலும் வைக்கக் கூடாது. டைல்ஸ் இடுக்கில் மெஷினின் ஒரு கால் இறங்கியிருந்தாலும் எண் மாறும்.

கால்கள். மெஷினைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான டிஜிட்டல் மெஷின்களில் எடையை உணரும் பாகங்கள் அந்த நான்கு கால்களில்தான் இருக்கின்றன. ஒன்றில் ரப்பர் கழன்றிருக்கலாம், ஈரத் தூசி கட்டியாக ஒட்டியிருக்கலாம். துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இடமாற்றம். சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துப் போடுகிறீர்களா? நகர்த்திய பிறகு ஒரு முறை காலால் தட்டி, பூஜ்யம் வரும்வரை விட்டு, அப்புறம் ஏறுங்கள்.

பேட்டரி. எண் மங்கலாகத் தெரிகிறதா, நிலைபெறாமல் ஆடுகிறதா? புதிது போடுங்கள்.

இவ்வளவுக்கும் சரியாகவில்லையா? இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். அடுத்து பாட்டில் இல்லாமல் ஏறுங்கள். வித்தியாசம் இரண்டு கிலோவுக்குச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். ஒன்றரையோ இரண்டே முக்காலோ காட்டினால் வேறு மெஷின்தான் தீர்வு.

மூன்று நாளாக ஒரு கிராம்கூட மாறாமல் அதே எண் வருகிறது என்பார்கள் சிலர். சில டிஜிட்டல் மெஷின்கள் கடைசியாகக் காட்டிய எடையை நினைவில் வைத்திருந்து, புது எடை அதற்கு அருகில் இருந்தால் பழைய எண்ணையே காட்டும். முதலில் பாட்டிலோடு ஏறி, பிறகு பாட்டில் இல்லாமல் ஏறினால் உண்மையான எண் வெளியே வரும்.

கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின்கள் மெல்லிய மின்னோட்டத்தை உடம்பில் செலுத்தித்தான் அதைக் கணிக்கின்றன. உடம்பில் நீரின் அளவு மாறினால் அந்தச் சதவீதமும் மாறும். தினசரி எண்ணாக அதைப் பார்க்கவே வேண்டாம்.

அறிகுறி 2: காலையில் ஒரு எடை, இரவில் ஒரு எடை

இது கோளாறே இல்லை. அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் அந்த நிமிடமே அரைக் கிலோ கூடும். தட்டில் இருந்த சாப்பாட்டின் எடை அப்படியே உடம்போடு சேரும். இரவில் தூங்கும்போது மூச்சிலும் தோல் வழியாகவும் நீர் போகிறது, காலையில் சிறுநீராகவும் போகிறது. ஆகவே காலையில் குறையும். கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பை இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து பல வருடம் தன்னையே எடைபோட்டு, 1614-ல் எழுதிவைத்தார்.

இரவு எடையை இரவோடும் காலை எடையைக் காலையோடும் மட்டும் ஒப்பிடுங்கள். மருத்துவமனையில் மாலையில், செருப்போடும் முழு உடையோடும் பார்த்த எடையை வீட்டில் காலையில் பார்த்ததோடு வைத்துப் பதறாதீர்கள்.

அறிகுறி 3: ஒரே இரவில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது

மெஷின் சரி, காலை எடைதான், ஆனாலும் ஏறியிருக்கிறது. நேற்றையும் முந்தைய நாளையும் நினைத்துப் பாருங்கள்.

*உப்பு கூடிய சாப்பாடு சாப்பிட்டீர்களா?* நான் முதலில் கேட்பது இதை. வெளியில் சாப்பிட்டது, பாக்கெட்டில் வந்தது, உப்பில் ஊறவைத்தது எல்லாம் இதில் சேரும். உடம்பு தன் நீர்மத்தில் உப்பின் விகிதத்தை ஏறக்குறைய மாறாமல் வைத்திருக்கும். லிட்டருக்கு ஒன்பது கிராம் என்ற அளவு அது. மருத்துவமனையில் ஏற்றும் சாதாரண சலைனிலும் அதே விகிதம்தான். கூடுதல் உப்பு உள்ளே இருக்கும்வரை, தாகம் எடுத்துக் குடித்த தண்ணீரை உடம்பு பிடித்துவைத்துக்கொள்ளும். மோதிரம் இறுக்கமாக இருக்கும், காலுறையின் தடம் ஆழமாகப் பதியும், காலையில் கண்ணைச் சுற்றி ஊதியிருக்கும்.

செய்ய வேண்டியது: வழக்கமான உணவுக்குத் திரும்புங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். இது அடிக்கடி நடந்தால் மொத்த உப்பையும் கவனிக்க வேண்டும். நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

*சில நாள் மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு நேற்று நன்றாகச் சாப்பிட்டீர்களா?* தசையும் ஈரலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய அரைக் கிலோ வரை சேரும். ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீரும் சேர்ந்து தங்கும். காலியான கிடங்கு நிரம்பும்போது ஒன்றரை, இரண்டு கிலோ வரை ஏறுவது இப்படித்தான். இதைப் பட்டினி கிடந்து "சரிசெய்ய" முயல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். இரண்டு நாள் பட்டினி, மறுபடி ஒரு முழுச் சாப்பாடு, மறுபடி ஏற்றம் என்று அந்தச் சுற்று முடிவதே இல்லை. ஒன்றும் செய்யாதீர்கள். அடுத்த வேளையை வழக்கம்போல் சாப்பிடுங்கள்.

*மலம் கழித்து எத்தனை நாள்?* சாப்பிட்டது உடம்பைவிட்டு வெளியேற ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். மலச்சிக்கல் என்றால் அது அப்படியே எடையில் தெரியும். தண்ணீரும் நார்ச்சத்தும் நடையும் போதுமா என்று சில நாள் பாருங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, மலம் போகும் வழக்கமே மாறி வாரக்கணக்கில் அப்படியே இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது அவசரம்.

*நீண்ட பயணம் போனீர்களா?* மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் இரண்டு பாதமும் வீங்கும். நடந்து, காலை உயர்த்திப் படுத்தால் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அது எடைப் பிரச்சினை அல்ல. ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

*புதிதாக மாத்திரை தொடங்கினீர்களா, அளவு மாறியதா?* ஸ்டீராய்டு, இன்சுலின், சர்க்கரை நோய்க்கான பயோகிளிட்டசோன், வலிக்கு எடுக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் ஆகியவற்றால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைக்கலாம். மருத்துவர் எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள். எடைக் குறிப்போடு அவரிடம் போய்ச் சொல்லுங்கள், மாற்று இருக்கிறதா என்று பார்ப்பார். கடையில் நீங்களே வாங்கிய வலி மாத்திரை என்றால் அதை எடுப்பதைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லையா? கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல், பத்து விநாடி அழுத்துங்கள். விரலை எடுத்ததும் குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? உடனே நிரவிக்கொண்டால் நான்கு நாள் பொறுத்துப் பாருங்கள். குழி நின்றால் இனி வீட்டு வைத்தியம் வேண்டாம். மருத்துவர் சிறுநீர், ரத்தப் பரிசோதனை பார்ப்பார், தேவைப்பட்டால் இதயத்துக்கு ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்.

*அன்றே போக வேண்டியவை.* எடை ஏறுவதோடு மூச்சு வாங்குகிறது, மல்லாந்து படுக்க முடியவில்லை, இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. முகம் வீங்கி, சிறுநீர் குறைந்து, அதில் நுரை நிற்கிறது. வயிறு மட்டும் பெருத்து, கண் மஞ்சளாகிறது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஒரு நாளில் ஒன்றரைக் கிலோ அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலே, வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும், மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இருபது வாரத்துக்குப் பிறகு எடை திடீரென்று ஏறி, முகமும் கையும் வீங்கி, விடாத தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் மறுநாள்வரை பொறுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

அறிகுறி 4: மாதத்தில் ஒரு வாரம் மட்டும் ஏறுகிறது

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் கோத்துக்கொண்டு அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஏறுவது பல பெண்களுக்கு வழக்கம். தொடங்கிய சில நாளில் இறங்கிவிடும். எடைக் குறிப்பில் மாதவிடாய்த் தேதியையும் குறித்துவையுங்கள். இரண்டு மூன்று சுழற்சி பார்த்தால் ஒரே இடத்தில் ஏற்றம் வருவது தெரியும். இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடாமல், சென்ற மாதத்தின் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். சீராக இறங்கி வருகிறவர்கள்கூட அந்த ஒரு வாரத்து எண்ணைப் பார்த்து மனம் விட்டுப்போகிறார்கள். அதனால்தான் தேதியைக் குறிக்கச் சொல்கிறேன்.

தேதி தள்ளிப்போய் எடையும் ஏறினால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் இல்லை, ஆனால் மாதவிடாய் தொடர்ந்து தப்பிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி 5: உடற்பயிற்சி தொடங்கினேன், எடை ஏறுகிறது

பழக்கமில்லாத பயிற்சியால் தசையில் நுண்ணிய சேதம் ஏற்படும், அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரைச் சேர்க்கும். மேல் வலி இருக்கும்வரை அந்த நீரும் இருக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் எடையை நம்பாமல் இடுப்பைச் சுற்றி டேப்பால் அளந்துகொள்ளுங்கள், தொப்புளுக்கு நேராக, மூச்சை விட்ட நிலையில். கிரியேட்டின் (பயிற்சி செய்கிறவர்கள் தசை வலுவுக்கு எடுக்கும் பொடி) எடுக்கிறவர்களுக்கு ஆரம்பத்தில் ஒன்றிரண்டு கிலோ நீர் ஏறுவது எதிர்பார்த்ததுதான்.

வலி தாங்க முடியாமல், தசை வீங்கி, சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ போனால் மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது.

நீண்ட தூரம் ஓடி முடித்தபின் எடை ஓட்டத்துக்கு முன் இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா? வியர்த்ததைவிட அதிகம் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். தலைவலி, குமட்டல், குழப்பம் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். மேலும் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

அறிகுறி 6: ஒரே நாளில், ஒரே வாரத்தில் மளமளவென்று இறங்கியது

பயிற்சிக்குப் பின் ஒரு கிலோ குறைந்தால் அது ஒரு லிட்டர் வியர்வை. குடித்தால் திரும்பிவிடும். மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் அது மேலே சொன்ன கிடங்கு காலியானது. அடுத்த வாரம் இறக்கம் நின்றதுபோல் தோன்றும். அது தோல்வி அல்ல, நீர் முடிந்து உண்மைக் கணக்கு இனிமேல்தான் தொடங்குகிறது.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சலால் இறங்கியதா? உப்பு-சர்க்கரைக் கரைசலை, அதாவது ஓஆர்எஸ்ஸை, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். எழுந்தால் தலை சுற்றுகிறது, பல மணி நேரம் சிறுநீர் வரவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது என்றால் மருத்துவமனையில் சிரைவழியாகச் சலைன் ஏற்ற வேண்டியிருக்கும்.

எண்ணைக் குறைக்கப் பேதி மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ போடுகிறீர்களா, சாப்பிட்டதை வாந்தியெடுக்கிறீர்களா? போவது நீரும் பொட்டாசியமும்தான், கொழுப்பு அங்கேயே இருக்கும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, யாரும் உங்களைக் குற்றம் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

அறிகுறி 7: தினமும் ஆடுகிறது, உண்மையில் ஏறுகிறதா இறங்குகிறதா தெரியவில்லை

ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுங்கள். ஒரு தாளை எடுத்துப் பார்ப்போம்.

முதல் வாரம்: 68.4, 69.6, 69.3, 68.9, 68.5, 68.2, 68.6. சராசரி 68.8.
இரண்டாம் வாரம்: 68.3, 68.1, 68.9, 68.6, 68.2, 68.0, 68.4. சராசரி 68.4.

முதல் வாரத்தின் முதல் நாளையும் இரண்டாம் வாரத்தின் கடைசி நாளையும் மட்டும் பார்த்தவருக்கு இரண்டுமே 68.4. இரண்டு வாரம் வீண் என்று நினைத்திருப்பார். சராசரியைப் பார்த்தால் 400 கிராம் இறங்கியிருக்கிறது. அந்த 69.6-க்குப் பக்கத்தில் "வெளியில் சாப்பாடு" என்று குறித்திருந்தால் அந்த நாளுக்கும் விளக்கம் கிடைத்துவிடும். நான்கு வாரச் சராசரி வரும்வரை உணவுத் திட்டத்தில் கைவைக்காதீர்கள்.

தினமும் பார்ப்பது மனதை அலைக்கழிக்கிறது, எண் ஏறிய நாளில் சாப்பாட்டைத் தவிர்க்கிறீர்கள் என்றால் வாரத்துக்கு ஒரு முறைக்கு மாறுங்கள். அதுவும் தாங்கவில்லை என்றால் மெஷினைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டு டேப் மட்டும் பயன்படுத்துங்கள்.

அறிகுறி 8: சராசரியே மாதக்கணக்கில் ஏறுகிறது அல்லது இறங்குகிறது

இது தினசரி ஆட்டம் இல்லை.

ஏறினால், முதலில் ஒரு வாரம் சாப்பிடுவதையும் குடிப்பதையும் எதையும் விடாமல் எழுதுங்கள். பானங்களும் சமைக்கும்போது வாயில் போட்டதும் பெரும்பாலும் விட்டுப்போகும். பிறகு நடையும் தூக்கமும் குறைந்ததா பாருங்கள். பிறகு மாத்திரைகள்: மனநலத்துக்கும் வலிப்புக்கும் தரும் ஓலன்சபின், மிர்டாசபின், வால்ப்ரோயேட் போன்றவை பசியையும் எடையையும் கூட்டலாம். இவற்றோடு சோர்வு, குளிர் தாங்காமை, தோல் வறட்சி, மலச்சிக்கல் இருந்தால் தைராய்டுக்கு டிஎஸ்எச் பரிசோதனை.

முயற்சி எதுவும் செய்யாமல் இறங்கினால் நான் காத்திருக்கச் சொல்வதில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ, தானாகக் குறைந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். தீராத தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரைப் பரிசோதனையை அன்றே செய்யுங்கள். படபடப்பு, கை நடுக்கம் இருந்தால் தைராய்டு. வாரக்கணக்கில் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. புற்றுநோயும் மன அழுத்தமும் இந்தப் பட்டியலில் உண்டு. "இளைச்சு நல்லா இருக்கீங்க" என்று பிறர் சொல்வதை இந்த இடத்தில் காதில் வாங்காதீர்கள்.

மருத்துவரிடம் எடுத்துப்போக

நான்கு வாரக் காலை எடைகள், தேதியோடு. எடுக்கும் எல்லா மாத்திரைகளும், அட்டையோடு. நீங்களாக வாங்கியதும் ஊட்டச்சத்துப் பொடிகளும் சேர்த்து. வீக்கம் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருந்தால் இரண்டு நேரத்திலும் எடுத்த கால் படம். மாதவிடாய்த் தேதிகள். மெஷினைச் சோதித்துவிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.